தோற்கும் ஊரில் எவ்வளவு தோற்கிறார்கள்?
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தேர்தல்களைப் பற்றி எழுதியிருந்தேன். அட்லான்டாவை ஒட்டிய குவினெட் கவுன்ட்டியில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் நகரமா கிராமமா என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. சாவடி மேஜையில் உட்காருகிறவள் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது என் கொள்கை.

அம்மா, 2020 முடிவு வரைபடத்தைப் பார்த்தேன். ஜார்ஜியா முழுக்க ஒரே சிவப்பு. அட்லான்டா பக்கம் கொஞ்சம் நீலம், அங்கங்கே சில திட்டுகள். அப்படியிருக்க ஜோ பைடன் எப்படி ஜெயித்தார்? (வாசகர், மதுரை)

அந்த வரைபடத்தில் சிவப்பு என்றால் டிரம்பின் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் பைடனின் ஜனநாயகக் கட்சி. ஆனால் அது நிலத்தைக் காட்டுகிறது. ஓட்டுப் போடுவது மனிதர்கள்.

ஜார்ஜியாவில் 159 கவுன்ட்டிகள் இருக்கின்றன. கவுன்ட்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பல கவுன்ட்டிகள் நம் தாலுகாவை விடச் சிறியவை. அந்த 159-ல் டிரம்ப் 129 இடங்களில் முன்னிலை, பைடன் 30-ல்தான். சட்டசபைத் தொகுதி மாதிரி எண்ணினால் டிரம்புக்கு அமோக வெற்றி. ஆனால் மாநிலம் தழுவிய தேர்தலில் தொகுதியே கிடையாது. கவர்னர், செனட்டர், அதிபர் தேர்தலில் மாநிலத்தின் 16 எலெக்டர்கள் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) என எல்லாவற்றுக்கும் மாநிலத்தின் மொத்த ஓட்டும் ஒரே உண்டியலில் விழுகிறது. எந்தத் தெருவிலிருந்து வந்த ஓட்டு என்று உண்டியலுக்குத் தெரியாது.

இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் தென்கிழக்கில் பைன் காடுகளுக்கு நடுவே பிரான்ட்லி என்று ஒரு கவுன்ட்டி. மக்கள்தொகை சுமார் 18,000. அங்கே 2020-ல் டிரம்புக்கு 90 சதவீதம். அவருக்குக் கிடைத்த ஓட்டு வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம். நான் இருக்கும் குவினெட்டில் பைடனுக்கு 58 சதவீதம்தான். பிரான்ட்லியின் 90-க்கு முன்னால் 58 சாதாரணமாகத் தெரியும். ஆனால் குவினெட்டின் ஜனத்தொகை ஒன்பதரை லட்சம். ஓட்டு வித்தியாசம் சுமார் 75,000. ஒரு குவினெட்டை ஈடுகட்டப் பன்னிரண்டு பிரான்ட்லிகள் வேண்டும்.

இதில் நகரம் பெரிது, கிராமம் சிறிது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கடைசியில் மொத்த மாநிலத்திலும் வித்தியாசம் 11,779 ஓட்டு. ஐம்பது லட்சம் ஓட்டில் பன்னிரண்டாயிரம் கூட இல்லை. இரண்டே இரண்டு பிரான்ட்லிகள் கூடுதலாக இருந்திருந்தால் முடிவு வேறு. அதனால்தான் இங்கே பிரசாரக் கணக்குப் போடுகிறவர்கள் ‘எங்கே ஜெயிப்போம்’ என்று கேட்பதில்லை. அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ‘தோற்கும் இடத்தில் எவ்வளவில் தோற்போம்’ என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. ஒரு கிராமக் கவுன்ட்டியில் 80–20 என்று தோற்பதை 75–25 என்று ஆக்கினால் வரைபடத்தில் நிறம் மாறாது. ஆனால் அப்படி நூறு கவுன்ட்டிகளில் செய்துவிட்டால் மாநிலமே மாறும்.

இப்படி நகரமே எல்லாவற்றையும் முடிவு செய்வது கிராமத்தானுக்கு அநியாயம் இல்லையா? ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் சமமான மதிப்புக் கொடுக்கலாமே? (வாசகர், பெரம்பலூர்)

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் ஐயா. ஜார்ஜியாவிலேயே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்று இங்கே நடக்கும் பாதி விஷயங்களுக்கு வேர் அதில்தான் இருக்கிறது.

1917-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் மக்கள் ஓட்டை நேரடியாகக் கூட்ட மாட்டார்கள். கவுன்ட்டி வாரியாக ‘யூனிட்’ கொடுப்பார்கள். மிகப் பெரிய 8 கவுன்ட்டிகளுக்குத் தலா 6 யூனிட். அடுத்த 30-க்குத் தலா 4. மீதி 121 கிராமக் கவுன்ட்டிகளுக்குத் தலா 2. கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 410. அதில் கிராமக் கவுன்ட்டிகள் மட்டும் 242. பாதிக்கு மேல்! லட்சக்கணக்கானோர் வாழும் அட்லான்டாவின் ஃபுல்டன் கவுன்ட்டிக்கு 6. மாநிலத்திலேயே மிகச் சிறிய மூன்று கவுன்ட்டிகளைச் சேர்த்தால் அதற்கும் 6. அந்தக் காலத்தில் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சி மட்டும்தான் கட்சி. முதல்கட்டத்தில் ஜெயித்தவர்தான் கவர்னர்.

இந்த முறையில் கொடி நாட்டியவர் இங்கே கவர்னராக இருந்த யூஜின் டால்மேட்ஜ். டிராம் வண்டி ஓடுகிற கவுன்ட்டி எதுவும் தனக்குத் தேவையில்லை என்பார் என்று சொல்வார்கள். 1946-ல் அதை நிரூபித்தும் காட்டினார். அந்த ஆண்டு ஜேம்ஸ் கார்மைக்கேல் என்பவருக்குத்தான் மக்கள் ஓட்டு அதிகம். ஆனால் யூனிட் கணக்கில் டால்மேட்ஜ் ஜெயித்தார்.

அந்த 1946-ஐ மறக்கக் கூடாது. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த முதல்கட்டத் தேர்தலில் கறுப்பின மக்கள் பெருந்திரளாக ஓட்டுப் போட்ட முதல் ஆண்டு அது. அவர்களில் நிறையப் பேர் அட்லான்டாவில் வரிசையில் நின்றார்கள். ஓட்டு கைக்கு வந்தது, ஆனால் யூனிட் கணக்கு அந்த ஓட்டின் பலத்தை உறிஞ்சிவிட்டது. கிராமத்துக்கு நியாயம் என்ற பெயரில் நடந்த ஏற்பாடு கிராமத்து ஏழைக்கும் எதையும் கொடுக்கவில்லை. சின்னக் கவுன்ட்டியில் இரண்டு யூனிட்டைப் பிடிக்க அங்கிருக்கும் நாலு பெரிய மனிதர்களைப் பிடித்தால் போதும். கவுன்ட்டி நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதில் கொழித்தார்கள்.

ஃபுல்டன் வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டார். 1963 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் அந்த முறையைத் தூக்கி எறிந்தது. ‘ஒரு நபர், ஒரு ஓட்டு’ என்ற சொல் அமெரிக்கச் சட்டத்தில் நிலைபெற்றது நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில்தான். உங்கள் யோசனையை நான் எதிர்ப்பதற்கு அந்த 46 ஆண்டு அனுபவமே காரணம். கிராமத்துக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பஸ், பக்கத்திலேயே வாக்குச்சாவடி எல்லாம் கொடுங்கள். அடுத்தவனுடைய ஓட்டிலிருந்து வெட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அக்கா, குவினெட் முன்பு குடியரசுக் கட்சிக் கோட்டையாமே? எப்படி மாறியது? ஜனங்கள் மனம் மாறினார்களா? (கல்லூரி மாணவர், கோவை)

சிலர் மனம் மாறியிருக்கலாம் தம்பி. அதைவிட, ஜனங்களே மாறிவிட்டார்கள்.

1990-ல் இந்தக் கவுன்ட்டியில் மூன்றரை லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 9,57,062. ஐ-85 நெடுஞ்சாலை நேராக அட்லான்டாவுக்குள் போகிறது. நிலம் மலிவாக இருந்தது, பள்ளிக்கூடங்களுக்கு நல்ல பெயர், 1996 ஒலிம்பிக்குக்குப் பிறகு மாநிலத்துக்கே ஒரு வேகம் வந்தது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், அட்லான்டாவை விட்டு விலகி வந்தவர்கள். 2004-ல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு இங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அதன் பிறகு டுலூத் பக்கம் கொரியர்கள் வந்தார்கள், பியூஃபோர்டு ஹைவே நெடுக மெக்சிகோ, மத்திய அமெரிக்க நாட்டுக்காரர்கள். நியூயார்க், சிகாகோவிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் தாத்தா பாட்டி விட்டுப்போன தெற்கு நோக்கித் திரும்பி வந்தார்கள். நம்மவர்களும் வந்தோம். 2016-ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி கிளின்டன் இங்கே முந்தினார். 1976-ல் ஜிம்மி கார்ட்டருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்குக் குவினெட் விழுந்தது அப்போதுதான். அதே டிசம்பரில் மத்திய அரசின் கணக்குப்படி ஸ்பானிஷ் மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்று ஆனது. ஜார்ஜியாவில் அந்தக் கட்டாயத்துக்குள் வந்த முதல் கவுன்ட்டி இது.

ஆனால் ‘புறநகர் நீலமாகிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புறநகர் என்பது நகரத்தின் நகல் இல்லை. அட்லான்டா மெட்ரோ ரயிலான மார்ட்டாவை இங்கே நீட்டலாமா என்று 1971-ல் கேட்டார்கள், வேண்டாம் என்றது குவினெட். 1990-ல் கேட்டார்கள், வேண்டாம். 2019-ல் கேட்டபோதும் அதே பதில். 2020 நவம்பரில், அதே வாக்குச்சீட்டில் பைடனுக்கு 75,000 வித்தியாசம் கொடுத்த கவுன்ட்டி, பொதுப் போக்குவரத்துக்கான வரியைச் சுமார் ஆயிரம் ஓட்டில் மறுத்தது. அதிபருக்கு ஒரு மாதிரி, தன் வீட்டு வரிக்கு வேறு மாதிரி.

2022-ல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஒரே நாள், ஒரே சீட்டு. குடியரசுக் கட்சிக் கவர்னர் பிரையன் கெம்ப் ஏழரை சதவீத வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். அவருடைய கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கருக்கு அவரைவிட இரண்டு லட்சம் ஓட்டு குறைவு. அந்த இரண்டு லட்சத்தில் பெரும் பங்கு அட்லான்டாவைச் சுற்றியுள்ள வீட்டுமனைப் பகுதிகளில் கழன்ற ஓட்டு. கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போட்டவர்கள் அவர்கள். நெருக்கமான தேர்தலின் லகான் அவர்கள் கையில் இருக்கிறது.

கிராமம் என்றாலே குடியரசுக் கட்சிதானா? (வாசகி, நாகர்கோவில்)

இல்லவே இல்லை. பருத்திக் காலத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த மக்கள் இன்னும் அதே மண்ணில் வாழும் கவுன்ட்டிகள் மாநிலத்தின் நடுவில் ஒரு பட்டை போல ஓடுகின்றன. ஹான்காக் கவுன்ட்டி பக்காக் கிராமம். ஆனால் 2020-ல் அங்கே ஜனநாயகக் கட்சிக்கு எழுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ‘கிராமப்புற வாக்காளர்’ என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் பிக்கப் டிரக் ஓட்டும் வெள்ளைக்காரரை மட்டும் காட்டுவது எனக்குப் பெரிய ஆதங்கம்.

தென்மேற்கில் ராண்டால்ஃப் என்று ஒரு கவுன்ட்டி. கறுப்பின மக்கள் பெரும்பான்மை. 2018-ல், கவர்னர் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, அங்கிருந்த 9 வாக்குச்சாவடிகளில் 7-ஐ மூடிவிடலாம் என்று யோசனை வந்தது. பஸ் கிடையாது. கார் இல்லாத முதியவர்கள் பத்து மைல் எப்படிப் போவார்கள்? ஊர்க்காரர்கள் கூட்டத்துக்குத் திரண்டு வந்து கேட்டார்கள், நாடு முழுக்கச் செய்தியானது, ஆகஸ்ட் கடைசியில் தேர்தல் வாரியம் கூடி ஒரு நிமிடத்துக்குள் அந்த யோசனையைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு கெம்ப், ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஆப்ரம்ஸ் இருவருக்கும் நடந்த போட்டியில் வித்தியாசம் சுமார் 55,000. கெம்ப் பெற்றது 50.2 சதவீதம். பாதியைத் தாண்டியது மயிரிழையில். அப்படிப்பட்ட தேர்தலில் ஒரு குக்கிராமத்துச் சாவடி மூடுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடைசி முடிவை அது மாற்றியிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூதாட்டிக்கு அது தன் ஓட்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்கள் அதிகம் இருக்கும் இந்தக் கிராமப் பட்டையிலும் ஜனநாயகக் கட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 2024-ல் பால்ட்வின், வாஷிங்டன், ஜெஃபர்சன் என்ற மூன்று கவுன்ட்டிகள் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. இளைஞர்கள் வேலை தேடி அட்லான்டாவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் ஓட்டும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுகிறது. அதே ஆண்டில் அட்லான்டாவுக்குத் தெற்கே ஹென்றி கவுன்ட்டி இன்னும் நீலமாகிறது. ஒரு பக்கம் நிரம்ப, ஒரு பக்கம் வற்றுகிறது. மொத்தக் கணக்கில் அந்த முறை டிரம்ப் சுமார் 1,15,000 ஓட்டில் மாநிலத்தைப் பிடித்தார். நகரம் வளர்ந்தால் ஒரே கட்சிக்குத்தான் லாபம் என்று நினைத்தவர்களுக்கு அதுதான் பதில்.

இரவு முழுக்க டிரம்ப் முன்னிலை, விடிந்தால் பைடன். நகரத்து ஓட்டு கடைசியில் வருவதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். (வாசகர், சேலம்)

சந்தேகப்படுவது தப்பில்லை, பதிலையும் கேளுங்கள். ஏழாயிரம் ஓட்டு உள்ள கவுன்ட்டி ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எண்ணி முடித்துவிடும். நாலு லட்சம் ஓட்டு உள்ள கவுன்ட்டிக்கு நாள் பிடிக்கும். 2020-ல் தபால் ஓட்டு வேறு மலை போல் குவிந்தது. உறை மேல் உள்ள கையெழுத்தைச் சரிபார்த்து, உறையைப் பிரித்து, பிறகுதான் எண்ண முடியும். வெள்ளிக்கிழமை விடியற்காலை அட்லான்டாவை ஒட்டிய கிளேட்டன் கவுன்ட்டியின் ஓட்டுகள் வந்து பைடன் முந்தினார்.

பிறகு ஏறக்குறைய ஐம்பது லட்சம் சீட்டையும் கையால் எண்ணினார்கள். அப்போது நான்கு கவுன்ட்டிகளில் எண்ணாமல் விடுபட்ட ஓட்டுகள் அகப்பட்டன. ஃபுல்டனில் இல்லை. வடமேற்கில் உள்ள ஃப்ளாய்ட் கவுன்ட்டியில் மட்டும் சுமார் 2,600. அவற்றைச் சேர்த்ததில் டிரம்புக்குத்தான் ஓட்டு கூடியது, வித்தியாசம் குறைந்தது. அதைப் பகிரங்கமாக அறிவித்தவர், தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். நகரத்துக்காக ஒளித்து வைக்க நினைப்பவர்கள் அதைச் செய்வார்களா?

மறுசுற்றுத் தேர்தல் யாருக்குச் சாதகம்? (வாசகர், தஞ்சாவூர்)

வருகிறவர்களுக்கு. ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மீண்டும் தேர்தல். 2020 நவம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் டேவிட் பெர்டியூ 49.7 சதவீதம் எடுத்தார். ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃபை விட 88,000 ஓட்டு அதிகம். வேறு பல மாநிலங்களில் அன்றே வெற்றி விழா நடந்திருக்கும். இங்கே 2021 ஜனவரி 5-ல் மறுசுற்று. ஆசாஃப் சுமார் 55,000 ஓட்டில் ஜெயித்தார். அதே நாளில் அதே கட்சியின் ரஃபேல் வார்னாக்கும் இன்னொரு செனட் இடத்தில் ஜெயித்தார். இரண்டு இடமும் போனதில் அமெரிக்க செனட்டே கை மாறியது.

நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் யாரும் பெரிதாகக் கட்சி மாறவில்லை. வடமேற்கு மலையடிவாரக் கவுன்ட்டிகளில் நிறையப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முந்தைய நாள்தான் டிரம்ப் அந்தப் பக்கம் டால்டனில் கூட்டம் போட்டார். ஆனால் தேர்தலில் மோசடி என்று இரண்டு மாதம் கேட்டவர்களில் சிலர், பிறகு எதற்கு ஓட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். கறுப்பின வாக்காளர்களோ கிட்டத்தட்ட நவம்பர் அளவுக்கே வந்தார்கள். கிராமத்தின் பலம் அதன் எண்ணிக்கையில் இல்லை, எல்லோரும் தவறாமல் வருவதில்தான் இருக்கிறது. அது சற்றுத் தளர்ந்தாலும் மாநிலம் கைவிட்டுப் போகும்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 2021 வர்ஜீனியா. வாஷிங்டன் நகரை ஒட்டிய புறநகரில் சற்று மீட்டு, தென்மேற்கு மலைக் கிராமங்களில் கூட்டம் கூட்டமாக வந்து ஓட்டுப் போட வைத்ததில் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் கவர்னரானார்.

தேர்தல் நடக்கும் நாளும் ஒரு கட்சி மாதிரிதான். 2025 நவம்பரில் ஜார்ஜியாவில் மின் கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுச் சேவை ஆணையத்துக்கு மாநிலம் தழுவிய தேர்தல் வந்தது. அட்லான்டாவில் அன்றே மேயர் தேர்தலும் இருந்தது, நகரத்தார் எப்படியும் வந்தார்கள். பல கிராமக் கவுன்ட்டிகளில் சீட்டில் வேறு போட்டியே இல்லை. கரன்ட் பில் ஏறிய கோபமும் சேர்ந்து ஜனநாயகக் கட்சியினர் இருவர் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். அதை வைத்து அடுத்த கவர்னர் யார் என்று கணிப்பவரை நம்ப வேண்டாம்.

வட கரோலினாவிலும் நகரங்கள் வேகமாக வளர்கின்றன. அங்கே ஏன் ஜார்ஜியா மாதிரி நடக்கவில்லை? (வாசகி, சென்னை)

ஜார்ஜியாவில் ஒரே அட்லான்டா. மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதன் சுற்றுவட்டாரத்தில் அடங்கிவிடுகிறார்கள். வட கரோலினாவில் ஷார்லட் தனி, ராலே தனி. அவற்றுக்கு வெளியே பெரிய கிராமப்புறம் இருக்கிறது. கிராமத்தில் வாழ்கிறவர்களின் எண்ணிக்கையில் டெக்சாஸுக்கு அடுத்த மாநிலம் அதுதான். ஷார்லட்டைச் சுற்றிய கவுன்ட்டிகளும் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. அதனால் தராசு நடுவிலேயே நிற்கிறது. 2024-ல் அங்கே டிரம்ப் ஜெயித்தார், அதே நாளில் கவர்னராக ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் நின்ற அதே கட்சியின் ஆலிசன் ரிக்ஸ் வெறும் 734 ஓட்டில் தப்பித்தார். ஐம்பத்தைந்து லட்சம் ஓட்டுக்கு 734! அந்த வழக்கு முடிய மறு ஆண்டு மே மாதம் ஆனது.

அங்கே நம்மவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறீர்களே, உங்கள் ஓட்டால் முடிவு மாறுமா? (வாசகர், திருநெல்வேலி)

மாற முடியும். ஆனால் தலையை எண்ணினால் ஓட்டு கிடைக்காது. எங்களுக்கு வடக்கே ஃபோர்சைத் என்று ஒரு கவுன்ட்டி. 1912-ல் கறுப்பின மக்களை அடித்து விரட்டிய இடம், பல தலைமுறை வெள்ளையர் மட்டுமே இருந்த இடம். இன்று அங்கே இந்தியக் குடும்பங்கள் ஏராளம். 2012-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னிக்கு 80 சதவீதம் கொடுத்த கவுன்ட்டி, 2020-ல் டிரம்புக்குச் சுமார் 66 கொடுத்தது. இப்போதும் குடியரசுக் கட்சிக்கு வெற்றிதான். ஆனால் நான் முதலில் சொன்ன கணக்கு இதுதான்: தோற்கும் இடத்தில் குறைவாகத் தோற்பது. ஆனாலும் அங்கே வசிக்கும் நம்மவர்களில் பலர் இன்னும் விசாவில் இருக்கிறார்கள். கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, அது வந்தபின் குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு. வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விடுவார்கள், ஓட்டு வந்திருக்காது. ஊர் வளர்வதற்கும் அந்த வளர்ச்சி ஓட்டாக மாறுவதற்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி.

குடியுரிமை வாங்கியவர்களும் தப்புவதில்லை. என் மேஜையில் அடிக்கடி பார்ப்பது இது. காலையில் ஒருவர் வருவார், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும். ஓட்டுநர் உரிமத்தை ஸ்கேன் செய்தால் திரையில் பழைய முகவரி வரும். ‘அங்கிருந்து போன வருஷமே மாறிட்டேனே’ என்பார். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம், இன்டர்நெட் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றியவர் வாக்காளர் பதிவில் மாற்றியிருக்க மாட்டார். கடைசித் தேதி தேர்தலுக்கு நாலு வாரத்துக்கு முன்பே முடிந்துபோயிருக்கும். உங்கள் பெயர் இன்ன சாவடியில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று வழி எழுதிக் கொடுப்பேன். ஜார்ஜியாவின் 2021 தேர்தல் சட்டத்துக்குப் பிறகு, மாலை ஐந்து மணிக்கு முன் தவறான சாவடியில் போடும் தற்காலிக ஓட்டு (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணும் ஓட்டு) எண்ணப்படாது. தாளை வாங்கிக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே வெளியே போவார். அவர் அந்தச் சாவடிக்குப் போனாரா, நேரே ஆபீசுக்குப் போனாரா என்பது எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அது மனதை அரித்துக்கொண்டே இருக்கும். வளரும் ஊர்கள் இப்படித்தான் ஓட்டை இழக்கின்றன. பிரான்ட்லியில் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவில் உறவினர் இருப்பவர்கள் அடுத்த முறை போனில் பேசும்போது ‘வீடு மாறினாயே, ஓட்டு முகவரியை மாற்றினாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2026 நவம்பரில் ஜார்ஜியா முடிவு வரும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், திருச்சி)

நவம்பர் 3 அன்று கவர்னர் தேர்தல், ஆசாஃபின் செனட் இடம், இரண்டும் உண்டு. கெம்ப் மீண்டும் நிற்க முடியாது. நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒரு தாளில் 2020 கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிரான்ட்லி 90, ஃபோர்சைத் 66, இவை குடியரசுக் கட்சிக்கு, குவினெட் 58, இது ஜனநாயகக் கட்சிக்கு. முதலில் பிரான்ட்லி மாதிரிச் சின்ன கவுன்ட்டிகள் முழுசாக எண்ணி முடிக்கும். அங்கே சதவீதம் எப்படியும் அதே அளவில்தான் இருக்கும், எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள். ஃபோர்சைத்தில் சதவீதத்தைப் பாருங்கள்: 66-க்கு மேல் ஏறினால் புறநகர் திரும்பி வருகிறது, 60-ஐ நோக்கி இறங்கினால் விலகிப் போகிறது. குவினெட்டில் இரண்டையும் பார்க்க வேண்டும். ஹான்காக் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும், அங்கே கரைவது நின்றதா என்று தெரிந்துவிடும். இங்கே சாவடிகள் இரவு ஏழு மணிக்கு மூடும்போது உங்களுக்குப் புதன்கிழமை காலை ஐந்தரை. வரிசையில் நிற்பவர் கடைசி ஆள்வரை ஓட்டுப் போட்ட பிறகுதான் நாங்கள் இயந்திரத்தின் கணக்கு நாடாவை எடுத்துக் கதவில் ஒட்டுவோம். பெரிய கவுன்ட்டிகளின் எண்கள் உங்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஒரு வழிக்கு வரும்.